கலிபோர்னியாவில் வீட்டு வேலைக்கு கான்ட்ராக்டர்: லைசென்ஸ் எண் முதல் கடைசி செக் வரை

கிச்சனை இடித்துக் கட்ட, கூரை மாற்ற, பாத்ரூம் புதுப்பிக்க ஆள் தேடும்போது நம்மவர்கள் முதலில் கேட்பது வாட்ஸ்அப் குழுவில். "எங்க வீட்ல நல்லா பண்ணாரு" என்று யாராவது ஒரு எண்ணை அனுப்புவார்கள். அந்தச் சிபாரிசுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது அவருடைய கைவேலைக்கு மட்டுமே சாட்சி. அந்த வேலையை எடுக்கச் சட்டப்படி அவருக்கு உரிமை உண்டா, அவருடைய ஆள் ஏணியிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு, டைல்ஸ் கடைக்கு அவர் பாக்கி வைத்தால் உங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் சிபாரிசு செய்தவர் சொல்ல முடியாது. அதற்கு மாநில அரசின் பதிவேட்டையும் நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தையும்தான் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியாவில் இதைக் கவனிக்கும் அமைப்பு, 1929 முதல் இயங்கும் கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு. சுருக்கமாக சி.எஸ்.எல்.பி. கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வரும் எந்தக் கட்டுமான வேலைக்கும் இதன் லைசென்ஸ் வேண்டும். 2024 வரை இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் 1,000. தொகை அதற்குக் கீழே இருந்தாலும், வேலைக்கு பர்மிட் (கட்டட அனுமதி) தேவைப்பட்டாலோ, வருபவர் தன்னிடம் ஆட்களை வைத்து வேலை வாங்கினாலோ லைசென்ஸ் கட்டாயம். 2,400 டாலர் வேலையை மூன்று 800 டாலர் பில்லாக உடைத்தும் தப்பிக்க முடியாது. மொத்த வேலையின் மதிப்பைத்தான் சட்டம் பார்க்கும்.

சிட்டியில் வாங்கிய பிசினஸ் லைசென்ஸைக் காட்டி "லைசென்ஸ் இருக்கு" என்பவர்கள் உண்டு. அது தொழில் வரி கட்டியதற்கான சான்று. கட்டட வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

லைசென்ஸ் பதிவைப் படிப்பது எப்படி

முதலில் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரம், ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதைப் போட வேண்டும் என்பது சட்டம். எனவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். சி.எஸ்.எல்.பி. இணையதளத்தில் லைசென்ஸைச் சரிபார்க்கும் பக்கத்தில் எண்ணை இட்டால் ஒரு பக்க விவரம் வரும். பெரும்பாலோர் அதில் பச்சைக் கொடி தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதற்குக் கீழே இருப்பதுதான் முக்கியம்.

பெயரும் விலாசமும்: பதிவில் உள்ள நிறுவனப் பெயர், ஒப்பந்தத்தில் உள்ள பெயர், செக் எழுதச் சொல்லும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "செக்கை என் பேர்லயே போட்டுடுங்க" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்தவர் எண்ணை இரவல் வாங்கி வேலை எடுப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் மோசடி. பதிவில் பணியாளர் பட்டியல் என்று ஓர் இணைப்பு இருக்கும். லைசென்ஸுக்குத் தேர்வு எழுதித் தகுதி பெற்றவர் யார் என்பது அதில் தெரியும். உங்களிடம் பேசியவர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அவர் யார் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து விலை பேசி ஒப்பந்தம் போடும் விற்பனையாளருக்கும் சி.எஸ்.எல்.பி.யில் தனிப் பதிவு வேண்டும். பட்டியலில் உள்ள பெயரைத் தொட்டால், அவர் இதற்குமுன் தொடர்பு வைத்திருந்த மற்ற லைசென்ஸ்களும் வரும். ஒரு நிறுவனத்தின் லைசென்ஸ் ரத்தான பிறகு வேறு பெயரில் புது எண் வாங்கியவர்களை இந்த ஓர் இடத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

நிலை: செல்லுபடியில் உள்ளது என்று இருக்க வேண்டும். பாண்ட் (கான்ட்ராக்டரால் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு தர ஒரு நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதம்) காலாவதியானாலோ, தொழிலாளர் இன்சூரன்ஸ் விட்டுப்போனாலோ லைசென்ஸ் இடைநீக்கம் ஆகும். இது வேலை நடுவிலும் நடக்கலாம். ஆகவே கையெழுத்துப் போடும் நாளிலும், ஒவ்வொரு பெரிய தவணை கொடுக்கும் முன்னும் ஒரு முறை பாருங்கள்.

வகை: இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'பி' என்பது பொதுக் கட்டட லைசென்ஸ். 'பி-2' என்பது வீட்டுப் புதுப்பிப்புக்கானது. ஒரே ஒப்பந்தத்தில் தொடர்பில்லாத மூன்று தொழில்களாவது வர வேண்டும், பாரம் தாங்கும் அமைப்பில் கை வைக்கக் கூடாது. கிச்சனுக்கும் ஹாலுக்கும் இடையே உள்ள சுவரை எடுத்துத் திறந்த கிச்சன் செய்ய ஆசைப்பட்டு, அது பாரம் தாங்கும் சுவராக இருந்தால், பி-2 போதாது, 'பி' வேண்டும். தனித் தொழில்களுக்கு 'சி' வகைகள்: மின்வேலைக்கு சி-10, குழாய் வேலைக்கு சி-36, ஏசி மற்றும் ஹீட்டருக்கு சி-20, கூரைக்கு சி-39, பெயிண்டிங்குக்கு சி-33, டைல்ஸுக்கு சி-54, கான்கிரீட்டுக்கு சி-8, சோலாருக்கு சி-46. 'பி' வைத்திருப்பவர் எல்லாம் செய்யலாம் என்று நினைப்பது தவறு. கூரை மட்டும், அல்லது வயரிங் மட்டும் என்று ஒரே தொழில் உள்ள ஒப்பந்தத்தை அந்தச் சி வகை இல்லாத 'பி'காரர் எடுக்க முடியாது.

பாண்ட்: 2023 ஜனவரி முதல் எல்லா லைசென்ஸுக்கும் 25,000 டாலர் பாண்ட் கட்டாயம். "25,000க்கு பாண்ட் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்வார்கள். அந்தத் தொகை உங்கள் ஒரு வீட்டுக்கு ஒதுக்கியது அல்ல. அவரிடம் நஷ்டப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். 90,000 டாலர் கிச்சன் வேலையில் அதை நம்பி இருக்க முடியாது.

தொழிலாளர் இன்சூரன்ஸ்: பதிவில் பாலிசி எண் இருக்கும், அல்லது 'ஆட்கள் இல்லை, விலக்கு' என்று இருக்கும். விலக்கு வாங்கியவர் உங்கள் வீட்டுக்கு மூன்று ஆட்களோடு வந்தால், அவர்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று பொருள். அடிபட்டால் விஷயம் உங்கள் வாசலுக்கு வரக்கூடும். லைசென்ஸும் இல்லாதவராக இருந்தால், வீட்டுக்காரரையே முதலாளியாகக் கருதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கூரை, கான்கிரீட், ஏசி, ஆஸ்பெஸ்டாஸ் அகற்றல், மரம் வெட்டுதல் ஆகிய வேலைகளில் ஆள் இல்லை என்றாலும் இந்த இன்சூரன்ஸ் கட்டாயம். 2028 ஜனவரி முதல் எல்லா வகைக்கும் கட்டாயமாகிறது.

பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் வேறு. தண்ணீர்க் குழாயை உடைத்து வீடு நனைந்தால் உதவுவது அது. எல்.எல்.சி. நிறுவனங்களைத் தவிர மற்றவர்களுக்கு மாநிலம் அதைக் கட்டாயம் ஆக்கவில்லை, சி.எஸ்.எல்.பி. பதிவை மட்டும் பார்த்து அது இருக்கிறதென்று முடிவு செய்ய வேண்டாம். சான்றிதழை கான்ட்ராக்டர் கையால் வாங்காமல், அவருடைய இன்சூரன்ஸ் ஏஜென்ட்டே உங்களுக்கு நேராக மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பழைய சான்றிதழில் தேதியை மாற்றித் தருவது சுலபம்.

அட்வான்ஸும் தவணையும்

ஊரில் மேஸ்திரிக்குப் பாதிப் பணம் முன்னே கொடுத்துப் பழகியவர்கள் இதை மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்: கலிபோர்னியாவில் வீட்டு மேம்பாட்டு வேலைக்கு அட்வான்ஸ் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான். 6,000 டாலர் வேலைக்கு 600. 80,000 டாலர் வேலைக்கும் 1,000தான். "கேபினெட் ஆர்டர் போடணும், 15,000 கொடுங்க" என்றாலும் விதி மாறாது. ஆர்டர் செய்து வரவழைக்கும் பொருளுக்கென்று விலக்கு கிடையாது. வேலை முழுவதற்கும் தனி பாண்ட் தாக்கல் செய்து சி.எஸ்.எல்.பி.யின் ஒப்புதல் பெற்ற சில பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் லைசென்ஸ் பதிவிலேயே தெரியும். கேபினெட், கவுன்டர் கல் போன்றவற்றுக்கு நல்ல வழி, நீங்களே கடையில் உங்கள் பெயரில் வாங்கிவிடுவது. பில் உங்களுடையது, பொருளும் உங்களுடையது.

அதற்குப் பிறகு வரும் தவணைகள் முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. ஆகவே தவணையை தேதியோடு கட்டாதீர்கள். 'மாதம் 15ஆம் தேதி 10,000' என்று எழுதினால், சுவர் திறந்தபடி கிடக்கும்போதும் பணம் போய்க்கொண்டிருக்கும். 'மறைவான குழாய், வயரிங் இன்ஸ்பெக்‌ஷன் தேறியதும் இவ்வளவு', 'டிரைவால் முடிந்ததும் இவ்வளவு', 'சிட்டியின் இறுதி இன்ஸ்பெக்‌ஷன் தேறியதும் கடைசி 10 சதவீதம்' என்று டாலர் கணக்கில் எழுதுங்கள். பாதியில் விட்டுப்போகும் கான்ட்ராக்டர்கள் பெரும்பாலும் வேலையைவிட அதிகப் பணம் ஏற்கனவே வாங்கியவர்கள். வாங்கிய பணம் முந்தைய வீட்டின் கடனுக்குப் போயிருக்கும். உங்கள் வேலையை முடிக்க அவரிடம் காசும் இருக்காது, காரணமும் இருக்காது.

ஒப்பந்தத்தில் தோராயமாகத் தொடங்கும் நாள், முடியும் நாள், பொருட்களின் பிராண்டும் மாடலும், குப்பை அகற்றுவது யார் பொறுப்பு என்பதுவரை இருக்கட்டும். நடுவே சேர்க்கும் வேலை எதுவானாலும், அது தொடங்கும் முன் விலையும் கூடுதல் நாட்களும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சில் "அதையும் பண்ணிடுங்க" என்று சொன்ன வேலைகளே கடைசியில் சண்டையாகின்றன. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஐந்து வேலை நாள். ரத்து செய்வதற்கான படிவமும் ஒப்பந்தத்தோடு தரப்பட வேண்டும்.

பர்மிட் யார் பெயரில்

"நீங்களே ஓனர்-பில்டர்னு போட்டு பர்மிட் எடுங்க, செலவு குறையும்" என்று சொல்பவரை வேலைக்கு வைக்காதீர்கள். அப்படிக் கையெழுத்திட்டால் விதிமுறைப்படி கட்டும் பொறுப்பும், வேலையாட்களுக்கு முதலாளி என்ற பொறுப்பும் உங்கள் மேல் வரும். லைசென்ஸ் இல்லாதவரோ, லைசென்ஸ் இடைநீக்கத்தில் உள்ளவரோ தன் பெயரில் பர்மிட் எடுக்க முடியாது என்பதே இந்த யோசனைக்குப் பின்னால் உள்ள வழக்கமான காரணம். பர்மிட்டே வேண்டாம் என்பவர் அதைவிட மோசம்; வீடு விற்கும் நாளில், வீட்டை வாங்குபவர் அனுப்பும் இன்ஸ்பெக்டர் அந்த வேலையைக் கண்டுபிடிப்பார், சுவரைத் திறந்து காட்டச் சொல்லும் நிலையும் வரலாம்.

பணம் கொடுத்த பிறகும் வரும் லீன்

மெக்கானிக்ஸ் லீன் என்பது பலருக்கும் கடைசியில்தான் தெரியவருகிறது. நீங்கள் கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்திருப்பீர்கள். அவர் மரக்கடைக்கோ சப்-கான்ட்ராக்டருக்கோ கொடுத்திருக்க மாட்டார். பணம் வராதவர் உங்கள் வீட்டின் மீதே பாத்தியதை பதிவு செய்யலாம். வழக்குப் போட்டு வென்றால் வீட்டை விற்கவைக்கும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேர்வது இப்படித்தான்.

தடுப்பது கடினம் அல்ல. உங்களோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத சப்-கான்ட்ராக்டரும் பொருள் கொடுத்தவரும், வேலை அல்லது பொருள் தரத் தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தால் பதறவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். யாருக்குப் பணம் போய்ச்சேர வேண்டும் என்ற பட்டியல் உங்களுக்கு அதன் மூலமே கிடைக்கிறது. ஒவ்வொரு தவணையின்போதும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடமிருந்து லீன் விடுவிப்புப் படிவம் கேளுங்கள். சட்டமே நான்கு படிவங்களை வகுத்திருக்கிறது: செக் கொடுக்கும்போது நிபந்தனையுள்ள படிவம், செக் பணமானதும் நிபந்தனையற்ற படிவம், இந்த இரண்டும் இடைத் தவணைக்குத் தனியாக, கடைசித் தவணைக்குத் தனியாக. சந்தேகம் இருந்தால் கான்ட்ராக்டர், கடைக்காரர் இருவர் பெயரையும் சேர்த்து ஒரே செக் எழுதலாம்.

வேலை முடிந்ததிலிருந்து லீன் பதிய பொதுவாக 90 நாள் அவகாசம். முடிந்த 15 நாளுக்குள் கவுன்ட்டி பதிவாளரிடம் வேலை நிறைவு அறிவிப்பை நீங்கள் பதிவு செய்தால், அந்த அவகாசம் நேரடி கான்ட்ராக்டருக்கு 60 நாளாகவும் மற்றவர்களுக்கு 30 நாளாகவும் சுருங்கும். பதிந்த லீனுக்கு 90 நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் அது செல்லாது.

தகராறு வந்தால்

குறையைப் படத்தோடு எழுதி, சரிசெய்ய நாள் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசிப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. சரிவராவிட்டால் சி.எஸ்.எல்.பி.யில் இலவசமாகப் புகார் தரலாம். பொதுவாகத் தவறு நடந்த நான்கு ஆண்டுக்குள் தர வேண்டும். ஒப்பந்தம், செக் நகல்கள், படங்கள், இன்னொரு லைசென்ஸ் உள்ளவர் எழுதிய சீரமைப்பு மதிப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். போர்டு முதலில் சமரசம் பேசும். பிறகு விசாரணை அல்லது நடுவர் மன்றம். அவர்களுடைய முதல் வேலை லைசென்ஸ் மீது நடவடிக்கை எடுப்பது, உங்கள் பணத்தை வசூலிப்பது அல்ல. பணத்துக்கு பாண்ட் நிறுவனத்திடம் தனியாகக் கோரிக்கை வையுங்கள். 12,500 டாலர் வரையிலான தொகைக்கு வக்கீல் இல்லாமலே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் போகலாம்.

வேலை செய்தவருக்கு அந்தக் காலத்தில் லைசென்ஸே இல்லை என்று தெரிந்தால் உங்கள் கை ஓங்குகிறது. பாக்கிப் பணம் கேட்டு அவர் வழக்குப் போட முடியாது. நீங்கள் கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டு நீங்கள் போடலாம். வேலை நன்றாக இருந்தது என்பது அங்கே பதிலாகாது. ஆனால் இந்த வழக்குக்கு வேலை முடிந்த, அல்லது நின்றுபோன நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ல் தீர்ப்பளித்திருக்கிறது. சமரசம் பேசிக்கொண்டே அந்த ஓராண்டை விட்டுவிடாமல், விஷயம் தெரிந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.