பயன்படுத்தாத கடன் அட்டைக்கும் கட்டணம் உண்டு: முதல் அட்டை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தி மகன் முதல் வேலையில் சேர்ந்து சம்பளக் கணக்கு தொடங்கிய சில நாட்களிலேயே ஒரு கடன் அட்டையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முதல் ஆண்டு கட்டணமே இல்லை என்று சொல்லித்தான் அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கடன் வாங்கும் பழக்கமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்த அவன், அட்டையை உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். பதினான்கு மாதங்கள் கழித்து வசூல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தபோதுதான், மின்னஞ்சலில் திறக்கப்படாமல் கிடந்த பில்களை இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய். அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 89 ரூபாய் 82 காசு. அடுத்த மாத பில்லில் தாமதக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாத அட்டையின் நிலுவை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

அவனை அலட்சியக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செலவு செய்தால்தானே பில் வரும் என்று அவன் நம்பியதைத்தான் முதல் அட்டை வாங்கும் பலரும் நம்புகிறார்கள்.

அட்டையின் கட்டணப் பட்டியலில் ‘பயன்படுத்தாமைக் கட்டணம்’ என்ற பெயரைத் தேடுவது முதல் தவறு. அமெரிக்காவில் கடன் அட்டையைப் பயன்படுத்தாததற்காகக் கட்டணம் வசூலிப்பது 2010 ஆகஸ்ட் 22 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. வெளிநாட்டு இணையதளங்களில் இதைப் படித்துவிட்டு, நம் நாட்டிலும் கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. இந்தியாவில் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டணத்தைக் காண வேண்டுமானால், வெளிநாட்டுப் பயணத்துக்காக அந்நியச் செலாவணி ஏற்றி வாங்கும் ஃபாரெக்ஸ் கார்டுகள் சிலவற்றில் காணலாம். கடன் அட்டையில் அதே வேலையைச் செய்வது ஆண்டுக் கட்டணம்தான். ‘ஆண்டுக்கு 50,000 ரூபாய் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி’ என்று விளம்பரத்தில் சலுகையாகத் தெரியும் வாசகத்தைத் திருப்பிப் படித்தால், அவ்வளவு செலவு செய்யாதவர் ஆண்டுதோறும் வரியோடு 588 ரூபாய் 82 காசு கட்ட வேண்டும் என்றே அதற்குப் பொருள்.

இரண்டாவது தவறுதான் அதிகம் பேரை மாட்டிவிடுகிறது. ஓராண்டு பயன்படுத்தாவிட்டால் வங்கியே அட்டையை மூடிவிடும் என்று கேள்விப்பட்டு, அதற்காகக் காத்திருப்பதைச் சொல்கிறேன். இப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகளின்படி, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத அட்டையை மூடும் நடவடிக்கையை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு வங்கி தொடங்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கணக்கை மூட வேண்டும். ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஓராண்டு கடந்த பிறகுதான் அறிவிப்பே வரும். அதன்பின் இன்னும் ஒரு மாதம் ஓடும். முதல் ஆண்டு இலவசம் என்று தரப்பட்ட அட்டைக்கு இரண்டாம் ஆண்டின் கட்டணமோ, ஆண்டு பிறந்தவுடனேயே, அதாவது பெரும்பாலும் பதின்மூன்றாவது மாத பில்லிலேயே, ஏறிவிடும். மூடுவது நிலுவை முழுவதையும் செலுத்துவதற்கு உட்பட்டது என்றும் அதே விதி சொல்வதால், கட்டணம் ஏறிய அட்டை தானாக மூடப்படும் என்று எதிர்பார்க்க இடமில்லை. சித்தி மகனுக்கு நடந்ததும் இதுவேதான். வேண்டாத அட்டையை மூடுவதென்றால் பதினோராவது மாதத்துக்குள் மூடிவிட வேண்டும். அட்டை வந்த நாளை, வந்த அன்றே நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

அட்டை வந்ததும் தொலைபேசியில் கேட்கப்படும் ஓடிபியை யோசிக்காமல் சொல்லிவிடுவதும் தவறு. வழங்கப்பட்டு 30 நாட்களாகியும் செயல்படுத்தப்படாத அட்டைக்கு, ஓடிபி வழியாக வாடிக்கையாளரின் சம்மதத்தை வங்கி பெற வேண்டும். சம்மதம் இல்லையென்றால் ஏழு வேலை நாட்களுக்குள் எந்தச் செலவும் இல்லாமல் கணக்கை மூடிவிட வேண்டும். வேண்டாத அட்டையிலிருந்து செலவில்லாமல் விலகுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. முகவரிச் சரிபார்ப்புக்கு என்று நினைத்து சித்தி மகன் சொன்ன எண், அந்த வழியை அடைத்துவிட்டது.

தள்ளுபடி நிபந்தனையை முழுதாகப் படிக்காமல் விடுவோரும் உண்டு. ஆண்டு என்பது இங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரையோ, ஏப்ரல் முதல் மார்ச் வரையோ அல்ல; அட்டை வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் ஏற்றும் பணம் ஆகியவற்றைப் பல அட்டைகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 50,000 ரூபாய் இலக்கு என்றால் மாதம் ஏறத்தாழ 4,170 ரூபாய் ஆகிறது. மளிகை, மின் கட்டணம், கைபேசி ரீசார்ஜ் என்று ஏற்கெனவே நடக்கும் செலவே அந்த அளவைத் தொடுமானால் அட்டை பொருந்தும். இலக்கு எட்டவில்லையே என்று ஆண்டுக் கடைசியில் எட்டாயிரம் ரூபாய்க்குத் தேவையில்லாத பொருள் வாங்கி 589 ரூபாயை மிச்சப்படுத்துவதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

முதல் அட்டைக்கு என் பரிந்துரை, ‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்று சொல்லப்படும், ஆண்டுக் கட்டணமே இல்லாத அட்டைதான். ஆனால் விற்பனையாளர் வாயால் சொல்வதை நம்பாமல், நிபந்தனைத் தாளில் ஆண்டுக் கட்டணம் ‘இல்லை’ என்று அச்சிடப்பட்டிருக்கிறதா, கூடவே காப்பீடு போன்ற எதற்காவது சம்மதப் பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கட்டணமில்லாத அட்டைக்கும் ஓராண்டு விதி பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. முதல் அட்டைதான் பலரின் கடன் வரலாற்றில் மிகப் பழைய பதிவாக இருக்கும் என்பதால், அதைச் சும்மா கிடந்து மூடவிடுவது நட்டமே. ரூபே கடன் அட்டையாக இருந்தால் யுபிஐயில் இணைத்து, மாதத்துக்கு ஒருமுறை மளிகைக் கடையில் நூறு ரூபாய் கட்டினாலே போதும். பில் தொகையை முழுதாகக் கட்டிவிட்டால் வட்டியும் வராது.

மூட முடிவு செய்தவர்கள் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டு நிம்மதி அடைவதும் தவறுதான். அட்டை வெட்டப்பட்டாலும் கணக்கு உயிரோடுதான் இருக்கும். நிலுவையைத் தீர்த்துவிட்டு, செயலியிலோ மின்னஞ்சலிலோ மூடக் கோரி, அதன் கோரிக்கை எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். நிலுவை இல்லாத நிலையில் ஏழு வேலை நாட்களுக்குள் மூடாத வங்கி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். புகாரை முதலில் வங்கியிடம் எழுத்தில் தர வேண்டும். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால், கட்டணம் ஏதுமின்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். பிறகு சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு ‘மூடப்பட்டது’ என்று பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சித்தி மகனின் அறிக்கையில் இப்போது அப்படித்தான் இருக்கிறது; அதற்குக் கீழே, 588 ரூபாய் 82 காசைத் தாமதமாகக் கட்டிய பதிவும் இருக்கிறது.