வீடு கட்டும் மனையில் மேல்மண்ணைக் காத்து மீண்டும் பயன்படுத்துதல்

வீட்டுக்கு வானம் (அடித்தளக் குழி) தோண்டும்போது வெளிவரும் மண் முழுவதையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடுவதுதான் பெரும்பாலான மனைகளில் நடக்கிறது. மட்கு எனப்படும் மக்கிய இலைதழையும் நுண்ணுயிர்களும் செறிந்த மேல்மண், அடியிலிருந்து வரும் வளமற்ற மண்ணோடு ஒருமுறை கலந்துவிட்டால், அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. பிறகு தோட்டம் போட வேறோர் ஊர் வயலின் செம்மண்ணை விலைக்கு வாங்க நேரிடும். ஆகவே மேல்மண்ணைத் தனியே வழித்தெடுப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வாய்மொழியாகச் சொன்னது பொக்லைன் ஓட்டுநரைச் சென்றடைவது அரிது.

முதலில் புல்பூண்டுகளை நீக்கிவிட்டு, கட்டடமும் வாகனப் பாதையும் வரும் இடங்களில் மட்டும் மேலே அரை அடி ஆழத்துக்கு வழித்தெடுக்க வேண்டும். 1,000 சதுர அடிக்கு இது 500 கன அடி, அதாவது ஐந்து யூனிட். மண் இளகிப் பருப்பதால் குவியலில் ஏறக்குறைய ஆறு யூனிட் இருக்கும். நான்கு அடி உயரத்தில் சரிவாகக் குவிக்கச் சுமார் 250 சதுர அடி இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். கையில் பிடித்தால் சேறாக ஒட்டும் அளவுக்கு ஈரமிருக்கும் நாளில் இந்த வேலையைச் செய்யக்கூடாது, ஏனெனில் ஈர மண் இயந்திர எடையில் இறுகிக் காற்றோட்டத்தை இழக்கும்.

குவியலை மரத்தடியிலோ, பக்கத்து மதிலை ஒட்டியோ, தண்ணீர் வடியும் பள்ளத்திலோ அமைக்க வேண்டாம். கலவை போடும் இடத்துக்கும் அது தொலைவில் இருக்கட்டும். சிமெண்ட் கழுவிய நீர் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். வேலை சில மாதங்கள் நீளுமானால், தார்ப்பாய் போட்டு மூடுவதைவிட, பசுந்தாள் உரப் பயிர்களான சணப்பையையோ தக்கைப்பூண்டையோ விதைத்துப் பூக்கும் பருவத்தில் அறுத்து மேலேயே பரப்புவது மேல் என்பது என் கருத்து: வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தழைச்சத்தும் சேரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அது முளைத்துத் தழைத்திருக்க வேண்டும். ஐப்பசியில் விதைத்தால் விதையோடு மண்ணும் கரைந்து போகும்.

அடிமண்ணின் பயன் வேறு. செம்மண்ணோ கிராவலோ ஆனால், கடைக்காலின் (அடித்தளச் சுவரின்) பக்கங்களையும், வீட்டுத் தரைக்குக் கீழுள்ள பேஸ்மட்டத்தையும் அதைக்கொண்டே நிரப்பலாம். அரை அடி அடுக்குகளாகப் போட்டு, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இறுக்கிய பின்னரே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பகுதிகளைப் போன்ற கரிசல் நிலமானால் அந்த மண்ணைத் தரைக்கு அடியில் போடவே கூடாது. அது மழையில் உப்பி, வெயிலில் சுருங்கித் தரையைப் பிளந்துவிடும். மேல்மண்ணும் இதற்கு உதவாது, அதிலுள்ள மட்கு அழுகும்போது தரை இறங்கும். மிஞ்சிய அடிமண்ணை வெளியே ஏற்றுவதற்கு முன், மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் அனுமதி குறித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டி முடித்ததும் செங்கல் துண்டுகளையும் காய்ந்த கலவைக் கட்டிகளையும் பொறுக்கி அகற்றி, லாரிகள் ஓடி இறுகிய தரையை ஓரடி ஆழத்துக்குக் கடப்பாரையால் கிளறிவிட்டுத்தான் மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். இங்கே திமிசு வேண்டாம், தண்ணீர் விட்டால் மண் தானாகவே படியும். சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரிவு இருக்க வேண்டும். கறையான் மருந்திட்ட சுவரோரத்தில் மண்ணை உயர்த்தினால், மருந்தில்லாத அந்தப் புது மண் வழியாகவே கறையான் சுவரில் ஏறிவிடும்.