டாக்கிங் ஸ்கோரை நம்பி ஏமாறாதீர்கள்

கோவை, ஈரோடு பக்கம் உயிர்தகவலியல் படிக்கும் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டில் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற மூலக்கூறு அடிக்கடி தலைகாட்டும். ஈரோட்டு மஞ்சள் நம் மண்ணின் பொருள், ஆசை இருக்கத்தானே செய்யும். பாக்டீரியாவின் ஏதோ ஒரு புரதத்தோடு அது எப்படி, எவ்வளவு வலுவாக ஒட்டும் என்று கணினியில் கணிப்பதுதான் டாக்கிங்; மதிப்பெண் எவ்வளவு மைனஸோ அவ்வளவு வலுவான ஒட்டுதல் என்று பொருள். அதற்கான ஆட்டோடாக் வினா மென்பொருளில் ஓட்டிவிட்டு, "மைனஸ் 9 வந்திருக்குங்க சார்" என்று முகம் மலர வந்து நிற்பார்கள்.

அந்த எண்ணை மருந்து என்று எண்ணுவதுதான் முதல் தவறு. வினாவை உருவாக்கியவர்களே அதன் கணிப்புப் பிழை, அதே அலகில், மோலுக்குச் சுமார் 2.85 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியிருக்க, மைனஸ் 9 பெரிது, மைனஸ் 8 சிறிது என்று வரிசைப்படுத்துவதில் என்ன பொருள்? ஆய்வகத்தில் கண்டறிந்த புரதத்தின் படிக அமைப்பில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மூலக்கூறை எடுத்து, மறுபடி டாக் செய்து பாருங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் உட்காரவில்லை என்றால் உங்கள் அமைப்பே சரியில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாத ப்ராஜெக்ட்டை நான் ஏற்பதில்லை.

குர்குமினுக்கு வேறு சிக்கலும் உண்டு. உடல் வெப்பத்தில், நடுநிலை அமிலத்தன்மை உள்ள கரைசலில் அது அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். பல புரதங்களோடு ஒட்டும், தானே ஒளிரவும் செய்யும். அதனால் ஆய்வகச் சோதனைகளிலும் பொய்யான நம்பிக்கை தரும்.

எல்லோரும் மறப்பது பாக்டீரியாவின் சுவரை. ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. அதைத் தாண்டி மருந்து உள்ளே போனாலும், பம்புகள் பிடித்து வெளியே தள்ளிவிடும். டாக்கிங்குக்கு இது எதுவும் தெரியாது. அப்புறம், அதே மாதிரிப் புரதம் மனித உடலிலும் இருக்கிறதா என்று பிளாஸ்ட் (புரத வரிசைகளை ஒப்பிடும் கருவி) ஒன்று ஓட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

தடுப்பூசிப் பக்கம் வந்தால், எபிடோப்களை (நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் புரதத் துண்டுகளை) கோர்த்து ஒரு சங்கிலி செய்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அந்தப் புரதம் செல்லின் வெளிப்புறத்தில் இருக்கிறதா? உள்ளே இருந்தால் எதிர்ப்புரதம் அதைத் தொடவே முடியாது. கிருமியின் ஒரே ஒரு திரிபின் (உள்வகையின்) மரபணுவை வைத்தும் முடிவெடுக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி தேடிய விஞ்ஞானி ரினோ ராப்புவோலியின் குழு மரபணுத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுத்த புரதங்களில் ஏறத்தாழ 350-ஐ ஈ. கோலையில் உருவாக்கி எலிகளில் சோதித்தது. கிருமியைக் கொல்லும் எதிர்ப்புரதம் தந்தவை முப்பதுக்கும் குறைவு. அந்தத் தடுப்பூசிக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது 2013-இல்.

2020-இல் பேசப்பட்ட, கணினி உதவியால் கண்டறிந்த ஹாலிசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மூலக்கூறின் கதையும் அப்படித்தான். கணினி முன்னிறுத்திய 99 மூலக்கூறுகளைக் கையால் சோதித்தபோது 51 மட்டுமே ஈ. கோலையின் வளர்ச்சியைத் தடுத்தன. அதையே பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள், சரியாகவே கொண்டாடினார்கள்.

ஆகவே உங்கள் டாக்கிங் பட்டியலில் முதல் மூன்று மூலக்கூறுகளை வாங்கி, பக்கத்து நுண்ணுயிரியல் துறையில் எம்.ஐ.சி. சோதனைக்கு (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவைக் காணும் சோதனை) கேளுங்கள். கிருமியின் வளர்ச்சி நிற்கவில்லை என்றால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.