ஆக்குபேஷனல் தெரபிக்கு முதல் தடவை போறீங்களா? என்னென்ன நடக்கும்னு ஸ்டெப் ஸ்டெப்பா

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை வராம போனப்போ பிசியோ கூடவே இதுக்கும் எழுதிக் கொடுத்தாங்க. நடை, கால் பலம் எல்லாம் பிசியோல பாத்துக்கிட்டாங்க, இங்க குளிக்கிறது, சாப்பிடுறது, டாய்லெட் போறது, டிரெஸ் மாத்துறது மாதிரி அன்னாட வேலைகள்தான்.

ஸ்டெப் 1: முதல் நாள் டெஸ்ட்தான் ஜாஸ்தி. பிடி எவ்ளோ பலமா இருக்குனு ஒரு மீட்டர அமுக்கச் சொல்வாங்க, 9 ஓட்டை இருக்கற பலகைல 9 குச்சிய ஒவ்வொண்ணா சொருகி திரும்ப எடுக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச்ல டைம் பாப்பாங்க. பாஸ், ஃபெயில்லாம் இல்ல, பின்னாடி ஒப்பிட்டுப் பாக்கத்தான். கண்ணாடி, ஹியரிங் எய்ட் இருந்தா மறக்காம போட்டுட்டுப் போங்க.

ஸ்டெப் 2: நாங்க முழிச்சது இங்கதான். "உங்களால என்ன செய்ய முடியணும்?"னு கேப்பாங்க. "கை சரியாகணும்"னு சொன்னா அத வச்சு பிளான் போட முடியாது. அப்பா ரொம்ப நேரம் யோசிச்சு "சட்டைய நானே போட்டுக்கணும்"னார், அதுக்கப்புறம்தான் தெரபிஸ்ட் பேனாவையே எடுத்தாங்க. அதனால எந்தெந்த வேலைக்கு இன்னொரு ஆள் தேவைப்படுதுனு வீட்லயே எழுதிட்டுப் போயிடுங்க. சில இடத்துல ஒவ்வொரு வேலைக்கும் 1லேருந்து 10க்குள்ள மார்க்கும் போடச் சொல்வாங்க.

ஸ்டெப் 3: அப்புறம் அந்த வேலையவே செய்ய வைப்பாங்க. சட்டைன்னா உக்காந்துட்டு, வராத கைய முதல்ல விட்டு, துணிய தோள் வரைக்கும் இழுத்துட்டு அப்புறம்தான் நல்ல கை. கழட்டும்போது நல்ல கை முதல்ல. பட்டன் கீழேருந்து மேல போட்டா ஏறுமாறா ஆகாது. பக்கத்துல நிக்கறவங்களுக்கு கை பரபரன்னு வரும், விழற மாதிரி இருந்தாலொழிய தொடாதீங்க.

சாமான்ல என் ஓட்டு தடிச்ச கைப்பிடி ஸ்பூனுக்கும் தட்டு நகராம இருக்கற ரப்பர் மேட்டுக்கும்தான். எல்லாரும் வாங்கிட்டு வர்ற ஸ்மைலி பந்து எனக்குப் பிடிக்காது, விரல் இறுகி மடங்கறவங்க தெரபிஸ்ட்ட கேக்காம அத அமுக்கவே ஆரம்பிக்காதீங்க.

அப்டேட்: ஸ்பிளிண்ட் (கைய சரியான நிலைல வச்சுக்க தெரபிஸ்ட் செஞ்சு மாட்டி விடற பிளாஸ்டிக் தாங்கி) உறுத்துதுனு சிலர் எழுதியிருந்தீங்க. கழட்டினப்புறம் சிவப்புத் தடம் அரை மணி நேரத்துல மறையலன்னாலோ கை மரத்துப் போனாலோ எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, சூடுபடுத்தி வளைச்சு சரி பண்ணித் தருவாங்க. நீங்களே வீட்ல சுடுதண்ணில போட்டுப் பாக்காதீங்க, வெயில்ல நிக்கற கார்ல விட்டாலே அதோட ஷேப் போயிடும்.