பெங்களூரில் அடுத்தவர் இடத்தில் அடிபட்டீர்களா? சரியான வக்கீலைத் தேடிப் பிடிக்கும் வழி

அபார்ட்மென்ட் படிக்கட்டில் ஈரத்தில் வழுக்கியிருக்கலாம். மால் எஸ்கலேட்டரில் கால் சிக்கியிருக்கலாம். வாடகை வீட்டு பால்கனியின் கம்பி கையோடு வந்திருக்கலாம். இப்படி அடிபட்டவர் சிவாஜி நகரிலோ அல்சூரிலோ தெரிந்தவர்களிடம் “ஆக்சிடென்ட் வக்கீல் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டால், பெரும்பாலும் வண்டி விபத்து கேஸ் பார்க்கும் வக்கீலைத்தான் கை காட்டுவார்கள். அந்தக் கேஸ் வேறு, உங்கள் கேஸ் வேறு. வண்டி விபத்துக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. பணம் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி. உங்கள் விஷயத்தில் இடத்துக்காரரின் அஜாக்கிரதையை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் எந்த வழியில் போகப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வக்கீலைத் தேடுங்கள்.

படி 1: வக்கீலுக்கு முன்னால் ஆதாரம்

முதல் வாரத்தில் விட்டதைப் பிறகு எந்த வக்கீலாலும் மீட்க முடியாது.

ஆஸ்பத்திரியில் எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். போலீஸ் தொல்லை வேண்டாம் என்று பலர் “வீட்டில் விழுந்துட்டேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டியே உங்கள் கேஸை உடைப்பார். அடி பலமாக இருந்தால் எம்.எல்.சி. (போலீசுக்குத் தகவல் போகும் மருத்துவச் சட்டப் பதிவு) பதிவு செய்யச் சொல்லி, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிசிடிவி. பதிவுக் கருவி நிரம்பியதும் பழைய காட்சி தானாக அழிந்துவிடும்; சில இடங்களில் அதற்கு இரண்டு வாரம்கூட ஆகாது. ஆகவே அன்றோ மறுநாளோ அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு அல்லது மால் மேனேஜருக்கு, தேதி, நேரம், கேமரா இருக்கும் இடம் மூன்றையும் குறிப்பிட்டு, “பதிவை அழிக்காமல் வைக்கவும்” என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டிலும் ஒரு பிரதி போகட்டும். வாட்ச்மேன் போனில் காட்டிய காட்சியை உங்கள் போனில் படம்பிடித்தது மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்தின் நகலை கோர்ட் ஏற்க, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்.

போட்டோ எடுக்கும்போது உடைந்த டைல்ஸை மட்டும் எடுக்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இல்லாத சுவர், எரியாத விளக்கு, அன்று போட்டிருந்த செருப்பு எல்லாவற்றையும் எடுங்கள். செருப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போலீசில் புகார் கொடுப்பதானால், வாக்குமூலம் கன்னடத்தில் எழுதப்படும். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் சிவில் வழக்குப் போடலாம், இருந்தால் பலம்.

இந்தச் சமயத்தில் ஓனர் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு ஒரு தாளை நீட்டலாம். அதில் “முழுத் தீர்வு”, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் பெற்றதற்கு ரசீது மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.

படி 2: எந்தக் கதவு?

காசு கொடுத்து வாங்கிய சேவைக்காகப் போன இடம் என்றால் (ஹோட்டல், தியேட்டர், ஜிம், தனியார் ஆஸ்பத்திரி) நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பில், டிக்கெட், பார்க்கிங் சீட்டு எல்லாம் அங்கே தங்கம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே கிடையாது. கணக்கில் எடுப்பது கொடுத்த விலையை, கேட்கும் நஷ்டஈட்டை அல்ல. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் செய்யலாம். கெடு 2 ஆண்டு. இன்னொரு வசதி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஒசூரிலிருந்து தினம் வேலைக்கு வந்து போகிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

காசு கொடுக்காமல் போன இடம் என்றால் (நண்பர் வீடு, பக்கத்து பில்டிங்) சிவில் வழக்குதான். கெடு பொதுவாக 3 ஆண்டு. அடிபட்டவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 2 ஆண்டு. விபத்து நடந்த இடத்திலோ, எதிராளி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோதான் வழக்குப் போட முடியும். ஆகவே சொந்த ஊர் வக்கீலைப் பிடித்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் பஸ் ஏற வேண்டும், செலவு உங்களுடையது.

அரசு இடம் என்றால் வழக்குக்கு முன் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அரசு அல்லது மாநகராட்சி மீதான சில வழக்குகளுக்கு 1 ஆண்டுதான் கெடு என்று வாதம் வரும், அதனால் தாமதிக்காதீர்கள். 2025 செப்டம்பர் முதல் பெங்களூரில் ஒரே மாநகராட்சி இல்லை, ஐந்து. எதன் மீது போடுவது என்றே தெரியாத வக்கீலிடம் கேஸைக் கொடுக்காதீர்கள்.

கட்டட வேலையில், பெயின்ட் வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீட்டுச் சட்டம் தனி. அதற்குத் தொழிலாளர் வழக்கு பார்ப்பவர் வேண்டும்.

படி 3: மூன்று பெயர் சேருங்கள்

வக்கீல்கள் விளம்பரம் செய்வதை, அவர்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி தடுக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே விசிட்டிங் கார்டோடு வருபவர் வக்கீல் அல்ல, புரோக்கர்; அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் தலையில்தான் விழும்.

சிவில் கேஸ் நடத்திய உறவினர், உங்கள் பகுதியில் பத்திரம் பார்க்கும் வக்கீல் ஆகியோரிடம் “நெக்லிஜென்ஸ் (அஜாக்கிரதை) வழக்கு யார் நடத்துவார்கள்?” என்று கேளுங்கள். வக்கீலுக்கே தெரியும் எந்த வக்கீல் எதில் கெட்டி என்று.

பணம் இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100 எண்ணைக் கூப்பிடுங்கள். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி./எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. கர்நாடக மாநில சட்டப் பணிகள் ஆணையம் எச். சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது.

படி 4: சரிபாருங்கள்

வக்கீலிடம் அவருடைய பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். கர்நாடகத்தில் பதிந்தவருக்கு அது ‘கேஏஆர்’ என்ற எழுத்துகளில் தொடங்கி, வரிசை எண், பதிந்த ஆண்டு என்று போகும். பிறகு வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் கர்நாடகா, பெங்களூரு, கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, வக்கீல் பெயரால் தேடுங்கள். கே.ஜி. ரோடு சிட்டி சிவில் கோர்ட்டையும் மேயோ ஹால் கோர்ட்டையும் இரண்டையும் பாருங்கள். வரும் பட்டியலில் எம்.வி.சி. என்றிருந்தால் வண்டி விபத்து, சி.சி. என்றால் கிரிமினல், ஓ.எஸ். என்றால் சிவில் வழக்கு. உங்களுக்கு வேண்டியது ஓ.எஸ். நிறைய வைத்திருப்பவர். இந்தப் பத்து நிமிட வேலையை யாருமே செய்வதில்லை.

படி 5: முதல் சந்திப்பு

ஒரே பக்கத்தில் தேதி வாரியாக நடந்ததை எழுதி எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், ஆறு மாத சம்பளச் சீட்டு, லீவு விவரம் எல்லாவற்றுக்கும் நகல் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

“யார் மீது வழக்கு?” என்று கேளுங்கள். ஓனரா, குத்தகைக்காரரா, அசோசியேஷனா, லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியா என்று பிரித்துப் பேசுபவர் விஷயம் தெரிந்தவர். கேட்டவுடனே “இருபது லட்சம் வாங்கித் தரேன்” என்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். “இறங்கும்போது கையில் போன் இருந்ததா?” என்று உங்களையே குடைபவர்தான் நல்லவர். எதிர்த்தரப்பு கேட்கப் போவதை அவர் முன்கூட்டியே கேட்கிறார்.

படி 6: ஃபீஸும் வக்காலத்தும்

“ஜெயித்தால் முப்பது பர்சென்ட் கொடுங்க” என்ற பேச்சு அமெரிக்காவில் நடக்கும். இங்கே தீர்ப்பைப் பொறுத்த ஃபீஸும், கிடைக்கும் தொகையில் பங்கும் பார் கவுன்சில் விதிப்படி தடை. நோட்டீஸுக்கு, வழக்குத் தாக்கலுக்கு, சாட்சி விசாரணைக்கு, வாதத்துக்கு என்று கட்டம் கட்டமாகப் பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். சிவில் வழக்கில் கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீ ஏறும். அது வக்கீல் ஃபீஸில் அடங்குமா என்று கேளுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் யுபிஐ-யில் அனுப்புங்கள்.

அச்சடித்த வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பத்திரம்) பொதுவாக, சமரசம் செய்யவும் பணம் பெறவும் வக்கீலுக்கு அதிகாரம் கொடுத்திருப்பார்கள். “என் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு மட்டும்” என்று சேர்க்கச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

படி 7: கொடுத்த பிறகு

வழக்கு பதிவானதும் அதன் அடையாளமான, எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுவிட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்க்கலாம். இரண்டு மூன்று வாய்தாவுக்கு யாரும் ஆஜராகவில்லை என்று தெரிந்தால் உடனே கேளுங்கள். வாதி வராததால் தள்ளுபடியான வழக்கை மீட்கத் தனி மனு, தனிச் செலவு. வக்கீலை மாற்ற நினைத்தால் பழையவரிடம் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டை அவர் பிடித்து வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.