தலை அரிப்பும் பொடுகும்: வெந்தயம் போதுமா, டாக்டரிடம் போக வேண்டுமா?

தலை அரிக்கிறது, சீவினால் சட்டையில் வெள்ளையாக உதிர்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் சொல்வது ‘தலை காய்ஞ்சு போச்சு, நல்லா எண்ணெய் வை’ என்பதைத்தான். பலருக்குப் பொடுகு விடாமல் நீடிப்பதற்கு அந்த எண்ணெயே காரணம். என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமல் எதையும் தலையில் தேய்க்காதீர்கள். அதனால் பார்ப்பதில் இருந்தே தொடங்குவோம்.

படி 1: வெளிச்சத்தில் பாருங்கள்

தலைக்குக் குளித்து இரண்டு நாள் ஆகியிருக்க வேண்டும், எண்ணெயும் வைத்திருக்கக் கூடாது. ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் கறுப்புத் துணி விரித்து, பல் நெருக்கமான சீப்பால் பின்கழுத்தில் இருந்து முன்னோக்கிச் சீவுங்கள். பிறகு வீட்டில் ஒருவரை விட்டு முன்நெற்றி, உச்சி, காதுக்குப் பின்னால், பிடரி என்று நான்கு இடத்திலும் வகிடு பிரித்துத் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிடலாம்.

துணியில் விழுவது மஞ்சள் கலந்து, விரலில் நசுக்கினால் பிசுபிசுவென்று இருந்தால் அது பொடுகு. அதோடு புருவம், மூக்கோரம், காது மடிப்பு ஆகிய இடங்களிலும் செதில் இருந்தால் பொடுகின் தீவிர வடிவமான செபோரிக் டெர்மடைட்டிஸ். நம் நிறத்துத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட நிறம் மங்கிய திட்டாகவே பல சமயம் தெரியும். மாவு போல மெல்லிய வெள்ளைத் தூள், கை கால் தோலும் வறண்டிருக்கிறது என்றால் வெறும் வறட்சி.

முடியிலேயே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொட்டை இரண்டு நகத்துக்கு நடுவே பிடித்து இழுத்துப் பாருங்கள். பொடுகு வழுக்கிக்கொண்டு வரும். பேன் முட்டையான ஈர் அசையாது, பசை போட்டது போல நிற்கும். ஈர் என்று தெரிந்தால் பேன் மருந்தும் பேன் சீப்பும்தான் வழி. பொடுகு ஷாம்பு அதற்கு உதவாது.

தடித்த, வெள்ளி போலப் பளபளக்கும் செதில், ஓரம் கோடு போட்டது போல இருப்பது, நெற்றி முடியைத் தாண்டி வெளியே வருவது, முழங்கையிலும் முட்டியிலும் அதே போலத் திட்டு, நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள்: இவை சொரியாசிஸின் அடையாளங்கள். குழந்தையின் தலையில் வட்டமாக முடி உடைந்து, அந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராகப் படி 5-க்குப் போய்விடுங்கள்.

படி 2: எண்ணெயை நிறுத்துங்கள்

மலசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. கொழுப்பு அமிலங்களைத் தானாகத் தயாரிக்க அதற்குத் தெரியாது. நம் தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசையை உடைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஒலியிக் அமிலம் போன்றவற்றை விட்டுவிடும். அது ஒத்துக்கொள்ளாத தலைத்தோல் எரிச்சலடைந்து வேக வேகமாக உரியும். உதிர்வது அந்தத் தோல்தான். பொடுகு அழுக்கால் வருவதும் இல்லை, ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதும் இல்லை.

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ, இரவு முழுக்கத் தலைத்தோலில் ஊற விட்டால் அந்தப் பூஞ்சைக்குத் தீனி போட்டது போலத்தான். எண்ணெய் வைத்ததும் பொடுகு காணாமல் போவது உண்மை. செதில் எண்ணெயில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இரண்டு நாளில் திரும்ப உதிரும்.

எண்ணெய் வைக்காமல் இருக்கவே முடியாது என்பவர்கள் முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் தடவிக்கொள்ளுங்கள். செதில் கெட்டியாகப் படிந்திருந்தால் மட்டும், அதை இளக்குவதற்காகக் குளிக்கும் முன் அரை மணி நேரம் எண்ணெய் வைத்து ஷாம்பு போட்டு அலசிவிடலாம். நகத்தால் பெயர்த்து எடுக்கக் கூடாது. பெயர்த்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கும்.

படி 3: வீட்டு வைத்தியம்

இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை ஒரு கப் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் அதே தண்ணீர் விட்டு வெண்ணெய் போல அரையுங்கள். திப்பி திப்பியாக அரைத்தால் முடியில் சிக்கி, காய்ந்தபின் அதுவே பொடுகு போல உதிரும். வகிடு வகிடாகத் தலைத்தோலில் பூசி 20 நிமிடத்தில் அலசுங்கள், வாரம் இரண்டு முறை போதும். முதல் தடவைக்கு முன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வெந்தயம் தோலைக் குளிர்வித்து வறட்சியைத் தணிக்கும். பூஞ்சையை அடக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வறட்சிக்கும் லேசான அரிப்புக்கும் போதும், மஞ்சள் செதிலுக்குப் போதாது. தயிரும் அப்படியே. பொடுதலைத் தைலம் காலங்காலமாகப் பயன்படுத்துவதுதான், பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அதுவும் எண்ணெயில் காய்ச்சியது, ஆகவே குளிப்பதற்கு அரை மணி முன்பு வைத்து அலசிவிடுங்கள்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். கடும் அமிலம் அது. சொறிந்த தோலில் பட்டால் எரியும், அதோடு வெயிலில் போனால் கொப்புளித்துக் கருத்துவிடும். பூண்டுச் சாறும் தோலைச் சுடும். சமையல் சோடா எதிர்ப்பக்கத்துத் தவறு, அது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் குழந்தைகளுக்குத் தடவுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். பேனுக்கு மண்ணெண்ணெய் தடவுவதும் அவ்வளவு ஆபத்து.

படி 4: மருந்து ஷாம்புவைச் சரியாகப் போடுவது

மெடிக்கல் ஷாப்பில் 2% கீட்டோகோனசோல் ஷாம்பு அல்லது ஜிங்க் பைரித்தியான் உள்ள ஷாம்பு கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வாங்குபவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். செலினியம் சல்பைடு ஷாம்பு என்றால் நகையைக் கழற்றி வையுங்கள், நகை கருக்கும். டை அடித்த முடியின் நிறமும் மாறும்.

முதலில் சாதாரண ஷாம்பு போட்டு எண்ணெயையும் அழுக்கையும் எடுங்கள். பிறகு மருந்து ஷாம்பு 5 முதல் 10 மில்லி எடுத்து, தலைத்தோலில் படும்படி விரல் நுனியால் தேயுங்கள். முடிக்குப் போடும் ஷாம்பு இல்லை இது, தோலுக்குப் போடும் மருந்து. போட்டபின் கடிகாரம் பார்த்து 5 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு நன்றாக அலசுங்கள். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம்.

‘எல்லா ஷாம்பும் போட்டாச்சு, ஒண்ணும் கேக்கல’ என்பவர்களிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால், நுரை வந்ததும் அலசியிருப்பார்கள். அல்லது எண்ணெய்த் தலையிலேயே போட்டிருப்பார்கள். இன்னொரு தவறு, இரண்டாவது வாரம் குறைந்ததுமே நிறுத்துவது. பொடுகு அடங்கும், அடியோடு போகாது. நான்கு வாரத்துக்குப் பிறகும் வாரத்துக்கு அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டு வந்தால்தான் திரும்பாமல் இருக்கும்.

படி 5: டாக்டரிடம் எப்போது

சரியாகப் போட்டும் நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால் ஐந்தாவது வாரம் வேறு ஷாம்பு தேட வேண்டாம், தோல் டாக்டரிடம் போங்கள். சீழ், நீர் வடிதல், வலி, காய்ச்சல், பிடரியில் கட்டி, திட்டாக முடி கொட்டுதல் ஆகியவை இருந்தால் அந்த நான்கு வாரமும் காத்திருக்கக் கூடாது. டை அடித்த ஓரிரு நாளில் காது, நெற்றி, கண்ணிமை வீங்கினால் அன்றைக்கே போக வேண்டும். மூச்சு வாங்கினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

குழந்தையின் தலைப் படர்தாமரையில் பூஞ்சை முடிக்குள்ளேயே போய்விடுகிறது. மேலே தடவுவது அங்கே எட்டாது. கிரிசியோஃபுல்வின், டெர்பினாஃபின் போன்ற மாத்திரையை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். இது ஒட்டும். சீப்பையும் துண்டையும் தனியாக வைத்து, மற்ற பிள்ளைகளின் தலையையும் பாருங்கள். சில சமயம் அந்த இடம் மெத்தென்று வீங்கிச் சீழ்க்கட்டி போலத் தெரியும். கீறிவிடச் சொல்லாதீர்கள். தாமதித்தால் தழும்பாகி அந்த இடத்தில் முடியே முளைக்காது.

டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு தாமதிப்பதைவிடக் கெடுதல். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், குணமாகிறது என்று தோன்றும். அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், அதன் தோற்றமும் மாறிவிடும். டாக்டரே அடையாளம் காணச் சிரமப்படுவார். சொரியாசிஸுக்கு டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு லோஷன் வேறு விஷயம். அவர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும் முன் இரண்டு நாள் எண்ணெய் வைக்காதீர்கள். செதிலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், பூஞ்சை மருந்து போட்டிருந்தால் அதில் தெரியாமல் போகலாம். ஆகவே எதை, என்றைக்குக் கடைசியாகப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். பெயர் நினைவில்லை என்றால் ஷாம்பு பாட்டில், களிம்பு டியூப், தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.