போனை வாங்கிப் பேசிவிடாதீர்கள்: கூச்சப்படும் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்யும்போது

முதல் தவறு நானே செய்தது. வேலை தேடிக்கொண்டிருந்த தம்பி ஒருவனுக்கு மென்டராக இருந்தேன். ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்ததும் அவன் வெலவெலத்துப்போய் போனை என்னிடம் நீட்ட, நானும் பெரிய மனுஷனாக "அவங்க அண்ணன் பேசறேன்" என்று இன்டர்வியூ நேரம் வரைக்கும் கேட்டு வைத்துவிட்டேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுத்த அழைப்புக்கும் போன் என் பக்கம்தான் நீண்டது. தப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் 'நல்லவேளை, பேசாததால் பிழைத்தோம்' என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும், பயம் இன்னும் ஒரு சுற்று பெருக்கும்.

அப்புறம் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தோம். கடையில் விலை கேட்டு வாங்காமல் வருவது, கண்டக்டரிடம் ஸ்டாப் வந்தால் சொல்லச் சொல்வது, வேலைவாய்ப்பு முகாமுக்குப் போய் இரண்டே கம்பெனிகளிடம் "என்ன வேலை, என்ன சம்பளம்" என்று மட்டும் விசாரிப்பது. சலிப்புத் தட்டும்வரை ஒரே படி, அப்புறம்தான் அடுத்தது. நேராக குரூப் டிஸ்கஷனில் தள்ளிவிட்டால் ஆள் மறுநாள் வரமாட்டான்.

இன்டர்வியூவில் முதலில் கேட்கும் 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' (உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்) பதிலை மனப்பாடம் செய்ய வைப்பது அடுத்த தவறு, ஒரு வரி விட்டால் மொத்தமும் போச்சு. நாலு குறிப்பு போதும். அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள்: சரளமாகப் பேசினால் சிக்கல் பெரும்பாலும் இங்கிலீஷ்தான், தமிழிலும் நாக்கு ஒட்டிக்கொண்டால் பயம். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

"கை நடுங்கினதை எல்லாரும் பார்த்துட்டாங்கண்ணே" என்று வீடு திரும்பும் பஸ் முழுக்க அதையே ஓட்டிக்கொண்டு வருவான். சமாதானம் சொல்லாதீர்கள், சொன்னாலும் ஏறாது. மாதிரி இன்டர்வியூவை செல்போனில் எடுத்துக் காட்டுங்கள். எங்கள் வீடியோவில் நடுக்கம் தேடினால்தான் தெரிந்தது, பென்னைத் திருகிக்கொண்டே இருந்ததுதான் பளிச்சென்று தெரிந்தது!

நாம் டாக்டர் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. தைரியத்துக்கு ஒரு பெக், தெரிந்தவர் கொடுத்த மாத்திரை, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேலாக இதே பயத்தில் வெளியே போவதே குறைந்துவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம், பேச்சு வழி சிகிச்சையும் இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். அதையும் நாமே போட்டுப் பேசிவிடலாமே என்று கை பரபரக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அவனே டயல் பண்ணட்டும்.